மரத்தில் தண்ணீர் போட்ட கோடு: பேட்டன் ரூஜ் சதுப்புக்காட்டுக்குப் போகலாமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மகளோடு இரண்டு மாதம் இருக்க, மார்ச் தொடக்கத்தில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துப் பேட்டன் ரூஜ் நகருக்குப் போகிறீர்கள். ஊருக்குள்ளேயே புளூபானட் சதுப்புக்காடு என்றொரு இயற்கை மையம் இருக்கிறது. ஆறு வயதுப் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போகலாமா, மனைவிக்கு முழங்கால் வலி, நடக்க முடியுமா, பாம்பு முதலை பயம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். போய்வந்த இரண்டு பேர் "ஒண்ணுமே இல்லீங்க, கொசுதான்" என்று சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

தாராளமாகப் போகலாம். அந்த இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. நானும் முதல் முறை போனபோது இருபத்தைந்து நிமிடத்தில் சுற்றிவிட்டு வெளியே வந்து, "இதற்கா வந்தோம்" என்று நினைத்தவன்தான். பிறகு அந்த மாநிலத்தில் ஆறு ஆண்டுகள் இருந்ததில், இந்த மாதிரிச் சதுப்புக்காடுகளுக்கு எத்தனை முறை போனேன் என்று கணக்கில்லை. முதல் முறை செய்த தப்பு ஒன்றே ஒன்று: நடந்துகொண்டே இருந்தேன். அங்கே நடைப்பாதைகள் எல்லாம் சேர்த்தே ஒரு மைலுக்குக் கொஞ்சம் மேல்தான். வேகமாக நடந்தால் முடிந்துவிடும். நடப்பது பத்து நிமிடம், நிற்பது ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால்தான் அந்த இடம் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். முழங்கால் வலிக்காரருக்கு இதைவிட வசதியான கணக்கு கிடையாது.

முதலில், அது என்ன இடம் என்று பார்ப்போம். தமிழில் நாம் எல்லாவற்றையும் சதுப்பு நிலம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் புல்லும் கோரையும் வளர்ந்த சதுப்புக்கு மார்ஷ், மரங்கள் நிற்கும் சதுப்புக்கு ஸ்வாம்ப். புளூபானட் இரண்டாவது வகை, அதாவது தண்ணீரில் நிற்கும் காடு. அதனால்தான் சதுப்புக்காடு என்று எழுதுகிறேன். மொத்தம் 103 ஏக்கர். 1997இல் மக்களுக்குத் திறந்தார்கள். அதே புளூபானட் சாலையில்தான் ஊரின் பெரிய மாலும் இருக்கிறது. சுற்றிலும் வீடுகள், கடைகள், வண்டி நிறுத்துமிடங்கள். உள்ளே போன பிறகும் சில இடங்களில் வண்டி ஓடும் சத்தம் கேட்கும். அதை ஒரு குறையாக நினைக்காதீர்கள். அந்த வண்டிச் சத்தத்துக்கும் காட்டுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

நுழைந்தவுடன் காட்சிக்கூடம் வரும். உயிரோடு வைத்திருக்கும் பாம்பு, ஆமை போன்றவற்றைப் பேத்தி முதலில் அங்கே பார்த்துவிடுவது நல்லது. அப்படிச் செய்தால் காட்டுக்குள் போனதும் "எங்கே பாம்பு, எங்கே பாம்பு" என்று நச்சரிப்பது குறையும். அங்கே அதிக நேரம் செலவழிக்க வேண்டாம்.

வெளியே வந்ததும் பாதை மேட்டு நிலத்தில் தொடங்கும். பீச், மக்னோலியா போன்ற மரங்கள் நிற்கும் உலர்ந்த காடு. அப்புறம் நிலம் மெல்ல இறங்கும். இறங்குவது உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது, ஆனால் மரங்களுக்குத் தெரியும். ஒரு முழம் இரண்டு முழம் இறக்கத்துக்குள் மேட்டு மரங்கள் எல்லாம் நின்றுபோய், சைப்ரஸ், டுபிலோ என்ற சதுப்பு மரங்கள் தொடங்கிவிடும். கால் வருடம் வேர் மூழ்கினால் செத்துப்போகிற மரம் மேலே, மூழ்கினாலும் கவலைப்படாத மரம் கீழே. அவ்வளவுதான் அந்தக் காட்டின் சட்டம். காலடியில் சரளைக்கல் முடிந்து பலகைப் பாதை தொடங்கும் இடத்தில் நில்லுங்கள். திரும்பி மேட்டையும் பாருங்கள், முன்னால் பள்ளத்தையும் பாருங்கள். இரண்டு காடுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்பது தெரியும்.

இனி சைப்ரஸ். இதை மொட்டை சைப்ரஸ் என்பார்கள். ஊசியிலை மரம்தான், ஆனாலும் குளிர்காலத்தில் இலையெல்லாம் துருநிறமாகிக் கொட்டிவிடும், அதனால் அந்தப் பெயர். லூசியானாவின் மாநில மரமும் இதுவே. நீங்கள் போகும் மார்ச்சில் மொட்டைக் கிளைகளில் இளம்பச்சை இறகு போல இலை விடும். அந்தப் பச்சை மூன்று நான்கு வாரம்தான், பிறகு கறுத்துவிடும். வட கரோலினாவில் பிளாக் ஆற்றங்கரையில் இந்த இனத்து மரம் ஒன்றுக்கு வயது குறைந்தது 2,624 என்று வளையம் எண்ணிக் கண்டுபிடித்து 2019இல் வெளியிட்டார்கள். சங்கப் பாடல்கள் பிறப்பதற்கு முன்பே முளைத்த மரம்! லூசியானாவில் அந்த வயது மரங்களைத் தேடாதீர்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கி 1930கள் வரைக்கும் வெட்டிய வெட்டில் பழைய சைப்ரஸ் காடுகள் ஏறக்குறைய முழுசாகப் போய்விட்டன. இன்று நிற்பவற்றில் பெரும்பாலானவை அதன் பிறகு வளர்ந்தவை.

மரத்தைச் சுற்றித் தண்ணீருக்குள்ளிருந்து கூம்பு கூம்பாகக் கட்டைகள் எழுந்து நிற்கும். இவற்றுக்கு அங்கே முழங்கால் என்றே பெயர். (மனைவியிடம் சொல்லுங்கள், சிரிப்பார்.) பிச்சாவரத்தில் அலையாத்தி மரத்தடியில் குச்சி குச்சியாகச் சுவாச வேர்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே வேலைதான் இதுவும் என்று நானும் பல பேருக்கு விளக்கியிருக்கிறேன். பிறகுதான் தெரிந்தது, அப்படி அடித்துச் சொல்ல முடியாதாம். அலையாத்தி வேர் காற்றை உள்ளே இழுக்கிறது என்பது நிரூபணமானது. சைப்ரஸ் முழங்கால் எதற்கு என்பது இன்னும் தீராத வழக்கு. காற்றுக்கு என்கிறார்கள் சிலர், சேற்றில் சாயாமல் பிடித்துக்கொள்ள என்கிறார்கள் சிலர். பேத்தி கேட்டால் "யாருக்கும் தெரியாது" என்று சொல்லலாம். தாத்தா வாயிலிருந்து அந்தப் பதிலைக் கேட்பதில் குழந்தைகளுக்கு ஒரு தனி சந்தோஷம்.

இப்போது, நான் முதல் முறை தவறவிட்டதும் பிறகு ஒவ்வொரு முறையும் முதலில் தேடியதுமான விஷயத்துக்கு வருகிறேன். மரத்தின் அடியைப் பாருங்கள். ஒவ்வொரு மரத்திலும் ஓர் உயரம் வரைக்கும் பட்டை கறுத்து வழவழவென்று இருக்கும். அதற்கு மேல் திட்டுத்திட்டாகச் சாம்பலும் வெளிர்பச்சையுமாய் ஒன்று படர்ந்திருக்கும். லைக்கன் என்பார்கள், பூஞ்சையும் பாசியும் கூட்டுக் குடித்தனம் நடத்தும் உயிர். அதற்கு நீண்ட நாள் மூழ்கிக் கிடக்க முடியாது. ஆகவே லைக்கன் எங்கே தொடங்குகிறதோ, அதுவரைக்கும் வெள்ளம் வழக்கமாக வந்து நிற்கிறது என்று அர்த்தம். ஒரு மரத்தில் கோட்டைக் கண்டுபிடித்துவிட்டு அடுத்த மரத்தைப் பாருங்கள், அதே மட்டம். அதற்கு அடுத்ததைப் பாருங்கள், அதே மட்டம். காடு முழுக்க யாரோ ரசமட்டம் வைத்துக் கோடு போட்டது போல இருக்கும். சில சமயம் அந்தக் கோடு உங்கள் இடுப்புக்கு வரும். காலடியில் வறண்ட சேறு, இடுப்பளவில் தண்ணீரின் கோடு. அன்றைக்குத்தான் எனக்கு அந்த இடம் எவ்வளவு ஆழமானது என்று உறைத்தது.

அடிமரம் பருத்திருப்பதும் இதே கதைதான். டுபிலோ மரத்தடி குடுவை மாதிரி உப்பியிருக்கும். எந்த உயரம் வரைக்கும் வருடாவருடம் தண்ணீர் ஏறி இறங்குகிறதோ, ஏறத்தாழ அந்த உயரம் வரைக்கும்தான் பருமன். அதற்கு மேல் சாதாரண மரம்.

ஆனால் எப்போதுமே தண்ணீர் நிற்க வேண்டும் என்பதில்லை, அதுதான் வேடிக்கை. சைப்ரஸ் விதை தண்ணீரில் மிதந்து ஊர் சுற்றும், ஆனால் தண்ணீருக்கடியில் முளைக்காது. ஈரமான, வெறும் சேறு வேண்டும். முளைத்த கன்றும் அடுத்த வெள்ளம் வருவதற்குள் தலை தண்ணீருக்கு மேலே நிற்கும் அளவுக்கு வளர்ந்துவிட வேண்டும். ஆக, வயதான மரம் வெள்ளத்தில் நிம்மதியாக நிற்க, அதன் பிள்ளைகளுக்கோ வறண்ட வருடம் தேவைப்படுகிறது. வருடம் முழுக்கத் தண்ணீர் தேங்கி நிற்கும்படி ஒரு சதுப்பை ஆக்கிவிட்டால் பெரிய மரங்கள் அழகாகத்தான் இருக்கும், அடியில் ஒரு கன்றுகூட இருக்காது. நீங்கள் போகும்போது பென்சில் பருமன் சைப்ரஸ் கன்று எங்காவது தென்படுகிறதா என்று தேடுங்கள். இருபது பெரிய மரங்களைவிட அந்த ஒரு கன்று எனக்கு முக்கியம்.

வண்டிச் சத்தத்துக்கு வருகிறேன். ஆற்றங்கரைச் சதுப்பு என்றால் ஆறு மெல்ல ஏறி மெல்ல வடியும். நகரத்துச் சதுப்புக்கு அந்த வாய்ப்பு இல்லை. சுற்றியுள்ள கூரைகளிலும் தார்ச்சாலைகளிலும் விழும் மழை மண்ணுக்குள் இறங்க வழியில்லாமல், சாக்கடை வழியாக மொத்தமாக ஓடிவருகிறது. ஒரு மணி நேரத்தில் குபீரென்று ஏறும். கூடவே மண், புல்தரைக்குப் போட்ட உரம், வண்டி எண்ணெய், பிளாஸ்டிக் புட்டி எல்லாம் வரும். காடு என்ன செய்கிறது? மரமும் முழங்காலும் விழுந்த கட்டையும் ஓட்டத்தைத் தடுக்கின்றன. வேகம் குறைந்தால் மண் படியும். மண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கும் அழுக்கில் ஒரு பகுதியும் படியும். உரத்தைச் செடிகளும் சேற்று நுண்ணுயிர்களும் தின்னும். 2016 ஆகஸ்டில் பேட்டன் ரூஜ் சுற்றுவட்டாரத்தில் சில நாளில் 20 அங்குலத்துக்கு மேல் கொட்டித் தீர்த்து, ஆயிரக்கணக்கான வீடுகள் மூழ்கின. அவ்வளவு பெரிய மழையை 103 ஏக்கர் காடு தடுத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சாதாரண மழைக்கு அது பெரிய உதவி. வேலை செய்யும் காடு அது, வெறும் பூங்கா இல்லை. ஓரத்தில் பிளாஸ்டிக் புட்டி மிதப்பதைப் பார்த்தால் காட்டை நொந்துகொள்ளாதீர்கள், ஊர் எறிந்ததைத்தான் அது பிடித்து வைத்திருக்கிறது.

தண்ணீர் கறுப்பாக இருக்கும். அழுக்கு என்று நினைக்க வேண்டாம். இலையும் பட்டையும் ஊறி டானின் இறங்கிய நிறம், கட்டன்சாயாவின் நிறம் எப்படி வருகிறதோ அப்படி. அழுகின முட்டை நாற்றம் லேசாக வரும். மூழ்கிய சேற்றில் ஆக்சிஜன் இல்லை, அங்கே வாழும் பாக்டீரியாக்கள் விடுகிற வாயு அது. குழந்தை மூக்கைப் பிடித்துக்கொள்ளும், இரண்டு நிமிடத்தில் பழகிவிடும்.

செடிகொடிகளில் இரண்டைச் சொல்லாமல் விட மனமில்லை. கிளைகளிலிருந்து சாம்பல் தாடி போலத் தொங்குவதற்கு ஸ்பானிஷ் பாசி என்று பெயர். அது ஸ்பெயினிலிருந்து வந்ததும் இல்லை, பாசியும் இல்லை. அன்னாசிக் குடும்பத்துப் பூக்கும் செடி! மரத்தை உறிஞ்சுவதும் இல்லை, காற்றிலும் மழையிலும் கிடைப்பதை வைத்துக்கொண்டு தொங்குகிறது. இரண்டாவது, தடித்த கிளைகளின் மேல்பக்கத்தில் வளரும் ஒரு சின்னப் பெரணி. வெயில் நாளில் சுருண்டு பழுப்பாகிச் செத்த மாதிரி கிடக்கும். மழை பெய்த மறுநாள் போங்கள், கிளை முழுக்கப் பச்சைக் கம்பளம். உயிர்த்தெழும் பெரணி என்றுதான் ஆங்கிலத்தில் அதற்குப் பெயர்.

பாம்பு பயம் பற்றிக் கேட்டீர்கள். அதற்கு முன் எதற்கு நிஜமாகவே பயப்பட வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன்: பாய்சன் ஐவி என்ற கொடி. ஒரு காம்பில் மூன்று இலை, தரையிலும் படரும், மரத்திலும் ஏறும். தொட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஓரிரு நாளில் தோல் சிவந்து, கொப்பளம் போட்டு, அரித்து எடுத்துவிடும். நம்மூர் சேங்கொட்டைப் பால் பட்டால் எப்படிப் புண்ணாகுமோ அதே ரகம். சேங்கொட்டை, முந்திரி, மா, இந்தக் கொடி எல்லாம் ஒரே குடும்பம். பலகைப் பாதையின் கைப்பிடியில் படர்ந்திருந்ததைக் கவனிக்காமல் சாய்ந்து நின்று, பத்து நாள் முழங்கையைச் சொறிந்துகொண்டு திரிந்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன். பேத்தியிடம் "மூணு இலையைத் தொடாதே" என்று ஒரு விளையாட்டாகவே சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

பாம்பு இருக்கிறது. தண்ணீர்ப் பகுதியில் விஷமுள்ளது காட்டன்மவுத், மிரட்டினால் வாயைத் திறந்து பஞ்சு போல வெள்ளையாகக் காட்டும். மக்கள் காட்டன்மவுத் என்று அலறும் பாம்புகளில் பெரும்பாலானவை விஷமில்லாத தண்ணீர்ப் பாம்புகள். நீந்தும்போது உடம்பு முழுக்கத் தண்ணீர் மேல் மிதந்தால் அது காட்டன்மவுத்தாக இருக்கலாம், தலை மட்டும் தெரிந்தால் பெரும்பாலும் மற்றது. இந்த ஆராய்ச்சியெல்லாம் தூரத்திலிருந்து செய்தால் போதும். பலகைப் பாதையை விட்டு இறங்காமல், விழுந்த கட்டையில் கை வைக்காமல் இருந்தால் பிரச்சினை இல்லை. அந்த மாநிலத்தில் எந்த நன்னீரிலும் அலிகேட்டர் முதலை இருக்கக்கூடும் என்று நினைத்துத் தண்ணீர் ஓரம் குழந்தையின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். தீனி எதுவும் போடக்கூடாது. முதலை பார்ப்பதுதான் நோக்கம் என்றால் இங்கே வராதீர்கள். பேட்டன் ரூஜுக்கு மேற்கே அட்சஃபலாயா என்கிற பிரமாண்டமான ஆற்றுச் சதுப்பு இருக்கிறது, அங்கே படகில் கூட்டிப்போவார்கள்.

கொசு? மார்ச்சில் சமாளிக்கலாம், மே தொடங்கினால் மாலையில் நிற்க முடியாது. ஆனால் ஒன்று, ஆரோக்கியமான சதுப்பில் கொசுப்புழுவைத் தின்னச் சின்ன மீன்களும் தட்டான் புழுக்களும் நிறைய உண்டு. வீட்டு வாசலில் பழைய டயரில் தேங்கிய தண்ணீருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. முழுக்கை, முழுக்கால் சட்டை, காலுறை, பிகாரிடின் அல்லது டீட் கலந்த, மேலே பூசும் கொசு விரட்டி. சரளைப் பாதை ஓரம் சின்ன மண்குவியல் மேல் நிற்காதீர்கள், நெருப்பெறும்பு. சேற்று உருண்டைகளை அடுக்கிப் புகைப்போக்கி மாதிரி நிற்பது வேறு. அது கிராஃபிஷ் என்ற, இறால் மாதிரியான நன்னீர்ப் பிராணி தன் வளைக்கு மேல் கட்டினது, பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம்.

பறவைகளுக்கு உங்கள் நேரம் அருமையான நேரம். காக்கை அளவில் சிவப்புக் கொண்டையோடு ஒரு மரங்கொத்தி உண்டு. அது கொத்துவது தச்சன் உளி வைத்து அடிப்பது போலக் கேட்கும், போட்ட ஓட்டையும் நீள்சதுரமாக இருக்கும். பார்ட் என்கிற ஆந்தை பகலிலேயே எட்டு ஒன்பது முறை தாளம் தப்பாமல் கூப்பிடும். கண் மஞ்சளாக இல்லாமல் கறுப்பாக இருக்கும், அதனால் ஆந்தைக்கு வழக்கமான முறைப்பு இதனிடம் கிடையாது. மார்ச் கடைசியிலிருந்து புரோதோனோட்டரி என்ற சின்னப் பறவை தென்படும், மஞ்சள்கிழங்கை அரைத்துப் பூசின மாதிரி மஞ்சள். மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்காவின் வடக்குப் பகுதி அலையாத்திக் காடுகளில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, கடல் தாண்டி வந்து, இங்கே தண்ணீர் மேல் நிற்கும் மரப்பொந்துகளில் முட்டையிடும். கறுப்புத் தண்ணீருக்கு மேல் அந்த மஞ்சள் ஒரு வினாடி குறுக்கே போனால் போதும், "ஒண்ணுமே இல்லை" என்றவர்களை மன்னித்துவிடுவீர்கள்.

மனைவிக்கு: பாதை பெரும்பாலும் சமம். மழைக்குப் பிறகு பலகை வழுக்கும், அதற்கு மட்டும் நல்ல பிடிப்புள்ள காலணியும் ஒரு கைத்தடியும் போதும். காலை திறந்தவுடன் போங்கள், கூட்டமும் இருக்காது, பறவையும் விழித்திருக்கும். இந்த மாதிரி மையங்கள் வாரத்தில் ஒரு நாள் மூடுவது வழக்கம், வெள்ளம் வந்தாலும் பாதையை மூடுவார்கள், ஆகவே கிளம்பும் முன் மகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டு மாதம் இருக்கிறீர்கள் அல்லவா, இரண்டு முறை போங்கள். முதல் வாரத்தில் பேத்தி ஒரு சைப்ரஸ் மரத்தைத் தேர்ந்தெடுக்கட்டும். பலகைப் பாதையிலிருந்தபடியே அதன் அடியை ஒரு படம் எடுத்து வையுங்கள், தண்ணீர் எங்கே நிற்கிறது, லைக்கன் எங்கே தொடங்குகிறது என்று தெரியும்படி. ஊருக்குக் கிளம்பும் முன் கடைசி வாரத்தில், முடிந்தால் ஒரு பெருமழைக்கு மறுநாள், அதே பலகையில் நின்று அதே மரத்தை இன்னொரு படம் எடுக்கட்டும்.